ஓல்ட் ராக் மலைச் சுற்று (ஷெனன்டோவா): அக்டோபரில் குடும்பத்தோடு போகலாமா?

ஹெர்ண்டன்_கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் 18, சனிக்கிழமை, வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் இருக்கும் ஓல்ட் ராக் மலையைச் சுற்றி வரலாம் என்று யோசனை. ஆட்கள்: நான், மனைவி, 14 வயதுப் பையன், 11 வயதுப் பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (66). அப்பா தினமும் நாலு மைல் அசராமல் நடப்பவர். ஆனால் படி இறங்கும்போது முழங்கால் பிடிக்கும் என்பார்.

9.4 மைல் என்று போட்டிருக்கிறது. நடக்கிற தூரம் பிரச்சினை இல்லை. அந்தப் 'பாறை ஏற்றம்' எப்படிப்பட்டது? கயிறு ஏதாவது வேண்டுமா? எந்தப் பக்கமாகச் சுற்றினால் சுலபம்? டிக்கெட் எப்போது எடுக்க வேண்டும்? அப்பாவைக் கூட்டிப் போகலாமா, இல்லை வேறு மலை பார்க்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாறைப்பல்லி

தூரத்தை வைத்து இந்த மலையை எடை போடாதீர்கள் கார்த்தி. 9.4 மைலில் எட்டரை மைல் வெறும் காட்டு நடை. மிச்சம் இருக்கும் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான பாறைப் பகுதிதான் அந்த நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கும். அதனால் அதைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

பார்க்கிங்கிலிருந்து ரிட்ஜ் டிரெயில் வழியாகச் சுமார் இரண்டு மைல் காட்டுக்குள் ஏற்றம். ஓக் மரங்கள், கொண்டை ஊசி வளைவுகள், மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மரங்கள் சட்டென்று விலகி, முதல் பெரிய பாறைத்தளம் வரும். அதைப் பார்த்ததும் உச்சி வந்துவிட்டது என்று பலர் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்துவிடுவார்கள். அது உச்சி இல்லை. அதற்கு அப்புறமும் இரண்டு மூன்று போலி உச்சிகள் உண்டு. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் 'இன்னும் இருக்கா' என்று சோர்ந்துபோவார்கள்.

கயிறு வேண்டாம். ஆனால் இரண்டு கையும் வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு பாறை இடுக்குக்குள் இறங்க வேண்டும். ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும். பையைக் கழற்றி முதலில் கீழே கொடுத்துவிட்டு, உட்கார்ந்து, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, காலைத் துழாவி இறங்க வேண்டும். பலர் முன்பக்கம் பார்த்தபடியே குதிக்கிறார்கள். கணுக்கால் பிசகுவது அங்கேதான். அதற்குப் பிறகு ஒரு ஆள் மட்டும் நுழையும் சந்துகள், குகை மாதிரி ஒரு இடம், தலைக்கு மேல் பெரிய கல் ஒன்று இரண்டு சுவருக்கும் நடுவில் சிக்கி நிற்க, அதற்கு அடியில் படிக்கட்டு போல ஏறும் ஒரு பாதை. அந்தப் படிக்கட்டை யாரும் செதுக்கவில்லை. மலை முழுக்க சுமார் 100 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட். அதன் வெடிப்புகளில் பிற்காலத்தில் எரிமலைக் குழம்பு புகுந்து கறுப்புப் பாறையாக இறுகியது. கறுப்புப் பாறை சீக்கிரம் சிதைந்து உதிர, கிரானைட் சுவர்கள் மட்டும் இரண்டு பக்கமும் நின்றுவிட்டன. நடுவில் மிச்சமிருக்கும் கறுப்புத் துண்டுகள்தான் படிகள். ஈரமாக இருந்தால் அந்தக் கறுப்புப் படிகள் வழுக்கும், கவனம்.

கடினமான இடம் என்று ஒன்றைச் சொல்வதானால், காலுக்குப் பிடிமானம் நெஞ்சு உயரத்தில் இருக்கும் ஒரு சந்து. உயரமானவர்கள் தாவிவிடுவார்கள். உங்கள் பெண்ணுக்குக் கீழிருந்து ஒருவர் தோளோ தொடையோ கொடுக்க வேண்டும், மேலிருந்து ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். விரலைப் பிடித்து இழுக்கக் கூடாது, மணிக்கட்டுக்கு மணிக்கட்டு. ஆக பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளைகள் நடுவில். 11 வயதுப் பிள்ளைகள் பொதுவாகப் பெரியவர்களைவிட நன்றாகவே ஏறுவார்கள். அவர்களுக்குப் பயம் இல்லாததுதான் நமக்குப் பயம்: விளிம்புக்கு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திசை: ரிட்ஜ் வழியாக ஏறி, சேடில் டிரெயில் வழியாக இறங்குவது. கடிகார முள் போகும் திசை. மாற்றிச் செய்தால் பாறைப் பகுதியை இறங்க வேண்டிவரும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, உடம்பு களைத்திருக்கும், எதிரே நூறு பேர் ஏறி வருவார்கள். ஒரு ஆள் சந்தில் எதிரெதிரே வந்து நின்றால் யாராவது ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும்.

திரும்புவதற்கான முடிவை அந்த முதல் இடுக்கிலேயே எடுங்கள். அங்கே வீட்டில் யாருக்காவது கை நடுங்கினால், அல்லது பாறை ஈரமாக இருந்தால், வந்த வழியே காட்டுக்குள் திரும்பலாம், ஒரு சேதமும் இல்லை. பாதிப் பாறையைத் தாண்டிவிட்டால் முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒரே கஷ்டம்.

ப்ளூரிட்ஜ்_மீனா

பாறைப்பல்லி பாறையைச் சொல்லிவிட்டார், நான் பணம் காசு விஷயம் சொல்கிறேன்.

மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை ஓல்ட் ராக் ஏற ஒவ்வொருவருக்கும் தனி நாள் டிக்கெட் வேண்டும். 2022-இல் தொடங்கிய ஏற்பாடு. ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் மட்டும்தான் கிடைக்கும், வாசலில் விற்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு 800 பேர். அதில் பாதி 30 நாள் முன்னால் திறக்கும், மறுபாதி 5 நாள் முன்னால் திறக்கும். உங்கள் தேதிக்குக் கணக்குப் போட்டால் செப்டம்பர் 18, அதை விட்டால் அக்டோபர் 13 திங்கள். அக்டோபர் சனிக்கிழமை என்பது இலை நிறம் மாறும் கூட்டத்தின் உச்சம், அதனால் திறந்த அன்றைக்கே எடுங்கள். டிக்கெட் ஓரிரு டாலர்தான். பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு: காருக்கு 30 டாலர், 7 நாளைக்குச் செல்லும். வருடாந்தர பாஸ் இருந்தால் அது போதும், ஆனால் பாஸ் இருக்கிறது என்று நாள் டிக்கெட்டை விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

மலையடிவாரத்தில் சிக்னல் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அல்லது அச்சடியுங்கள். வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

வழி: ஐ-66 நெடுஞ்சாலை, பிறகு வாரன்டன், 211-ஆம் ரோட்டில் ஸ்பெர்ரிவில், அங்கிருந்து 522 தெற்கு, 231 தெற்கு, பிறகு வலப்பக்கம் ஷார்ப் ராக் ரோடு, அதிலிருந்து நெதர்ஸ் ரோடு. ஜிபிஎஸ்ஸில் வெறும் 'ஷெனன்டோவா நேஷனல் பார்க்' என்று போட்டால், மலை முகட்டில் ஓடும் ஸ்கைலைன் டிரைவ் என்ற ரோட்டுக்கு ஏற்றிவிடும். ஸ்கைலைன் டிரைவிலிருந்து ஓல்ட் ராக் பார்க்கிங்குக்குக் காரில் வர வழியே இல்லை. 'ஓல்ட் ராக் பார்க்கிங், நெதர்ஸ் ரோடு' என்று போடுங்கள். கடைசி மைல்கள் குறுகிய கிராமத்து ரோடு, இரண்டு பக்கமும் தனியார் நிலம், ஓரத்தில் நிறுத்தினால் இழுத்துப் போய்விடுவார்கள். பெட்ரோல், காபி எல்லாம் ஸ்பெர்ரிவில்லோடு முடித்துக்கொள்ளுங்கள்.

நேரம்: அக்டோபர் 18 வாக்கில் சூரியன் ஏழரைக்குச் சற்று முன் உதித்து மாலை ஆறரைக்கு மறையும். ஐந்து பேர் குடும்பத்துக்கு 7 முதல் 8 மணி நேரம் ஆகும். பாறைச் சந்துகளில் வரிசை நின்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்கினால் வரிசையும் குறைவு, இருட்டுப் பயமும் இல்லை. பத்து மணிக்குத் தொடங்குகிறவர்கள்தான் கடைசி மண் ரோட்டில் போன் வெளிச்சத்தில் நடப்பவர்கள். எப்படியிருந்தாலும் ஆளுக்கொரு ஹெட்லேம்ப் பையில் இருக்கட்டும்.

இறக்கத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வழி தவறும். உச்சியிலிருந்து சேடில் டிரெயிலில் சுமார் இரண்டு மைல் இறங்குவீர்கள். வழியில் பேர்ட்ஸ் நெஸ்ட் 1 என்ற கல் மண்டபம், பிறகு ஓல்ட் ராக் ஷெல்டர். இரண்டிலும் இரவு தங்க முடியாது, நிழலுக்கு மட்டும். அதற்குப் பிறகு பல மண் ரோடுகள் கூடும் சந்திப்பு வரும், பெயர் போஸ்ட் ஆபீஸ் ஜங்ஷன். அங்கே தபால் நிலையம் எதுவும் இல்லை. 1935-இல் பூங்கா அமைவதற்கு முன் ஓல்ட் ராக் என்ற கிராமம் அங்கே இருந்தது, ஜனங்களை வெளியேற்றிவிட்டார்கள், பெயர் மட்டும் மிச்சம். அந்தச் சந்திப்பில் வலப்பக்கம், வீக்லி ஹாலோ ஃபயர் ரோடு. இடப்பக்கம் பெர்ரி ஹாலோ: அதில் இறங்கினால் மலைக்கு மறுபக்கத்துப் பார்க்கிங்கில் போய் நிற்பீர்கள், அங்கிருந்து உங்கள் கார் ரோடு வழியே ரொம்ப தூரம். இன்னொரு ரோடு ஸ்கைலைன் டிரைவ் நோக்கி ஏறும். ஷெனன்டோவாவில் வழிகாட்டி என்பது கான்கிரீட் கம்பத்தைச் சுற்றிய உலோகப் பட்டை; எழுத்து அதில் பொறித்திருக்கும், தூரத்திலிருந்து தெரியாது. பக்கத்தில் போய்ப் படியுங்கள்.

வீக்லி ஹாலோ ரோடு இரண்டரை மைலுக்கு மேல், ஓடையை ஒட்டி மெல்ல இறங்கும். முழங்காலுக்கு இதமான பகுதி.

ஹெர்ண்டன்_கார்த்தி

ரொம்ப நன்றி. அப்பா விஷயத்தில் ஒரு யோசனை தோன்றுகிறது. மீனா அக்கா சொன்ன பெர்ரி ஹாலோ பக்கமிருந்து பாறையே இல்லாமல் உச்சிக்கு வரலாம் என்று வரைபடத்தில் தெரிகிறது. மனைவியும் அப்பாவும் அந்தப் பக்கமாக வர, நானும் பிள்ளைகளும் ரிட்ஜ் வழியாக ஏற, உச்சியில் சந்தித்தால்?

கொங்கு_ரிச்மண்ட்

காகிதத்தில் அழகான திட்டம். அந்தப் பக்கம் போக வர சுமார் 5.4 மைல், ஏற்றம் 1,700 அடிக்கு மேல், பாறை ஏற்றம் இல்லை. இதெல்லாம் சரிதான். ஆனால் மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலாவது, பார்க்கிங். பெர்ரி ஹாலோ பார்க்கிங் சின்னது. அக்டோபர் சனிக்கிழமை காலையில் நிரம்பிவிட்டால் வேறு இடமே இல்லை. சிரியா என்ற ஊர் வழியாகச் சுற்றி வர வேண்டும் என்பதால் இரண்டு கார் கட்டாயம். இரண்டாவது, சந்திக்கும் நேரம். பாறைப் பகுதிக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், இரண்டரை மணி நேரமும் ஆகலாம், கூட்டத்தைப் பொறுத்தது. மேலே போன் சில இடங்களில் எடுக்கும், நம்பி இருக்க முடியாது. உச்சி என்பது ஒரு மேடை இல்லை, பரந்த பாறைக் குவியல். ஒரே நேரத்தில் நூறு பேர் சிதறி உட்கார்ந்திருப்பார்கள். காற்றில் அப்பா இரண்டு மணி நேரம் குளிர்ந்துபோய்க் காத்திருப்பார். சந்தித்தே ஆகவேண்டும் என்றால் உச்சியை விட்டுவிட்டு, அரை மைல் கீழே இருக்கும் அந்த பேர்ட்ஸ் நெஸ்ட் மண்டபத்தில் என்று வையுங்கள். ரிட்ஜிலிருந்து வருகிறவர்கள் எப்படியும் அதைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

மூன்றாவது, அதுதான் முக்கியம். அப்பாவுக்கு ஏறுவதில் சிரமம் இல்லை, இறங்குவதில். சேடில் டிரெயிலின் மேல்பாதி கல் படியாகவே இறங்கும், ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் உயரம் ஒரே அளவில் இருக்காது. முழங்காலுக்கு மிக மோசமான வகை அது. இரண்டு நடைக்கோல் இருந்தால் சமாளிக்கலாம்: இறங்கும்போது கோலின் நீளத்தை 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டி, கோலை முதலில் கீழே ஊன்றி, பிறகு காலை இறக்க வேண்டும். வலி உள்ள காலை முதலில் இறக்குவது வழக்கம். நல்ல கால் மேலே இருந்து எடையைத் தாங்கும்.

இவ்வளவு செய்வதற்கு ஹாக்ஸ்பில் போகலாம் என்பது என் கட்சி. பூங்காவிலேயே உயரமான மலை, 4,050 அடி. ஓல்ட் ராக்கோ 3,284 அடிதான். ஹாக்ஸ்பில்லுக்கு ஸ்கைலைன் டிரைவிலேயே கார் பாதி உயரத்துக்கு மேல் ஏற்றிவிடும், அதனால் நாம் ஏறுவது சுமார் 860 அடி மட்டும். சுற்று 2.9 மைல். மைல்கல் 45.5-இல் ஹாக்ஸ்பில் கேப் பார்க்கிங். அங்கிருந்து அப்பலாச்சியன் டிரெயிலில் (வெள்ளைக் குறி) ஒரு மைல் காட்டுக்குள் சமமாக, கற்குவியல்களைக் கடந்து. பிறகு சாலமாண்டர் டிரெயிலில் (நீலக் குறி) ஏற்றம். உச்சியில் கல்லால் கட்டிய மேடை. உச்சியைச் சுற்றி ஸ்ப்ரூஸும் பால்சம் ஃபிரும் பார்ப்பீர்கள், வடக்குக் குளிர் நாட்டு மரங்கள், பனியுகத்தின் மிச்சமாக இந்த உயரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. கிழக்கே பார்த்தால் ஓல்ட் ராக்கின் கரடுமுரடான முதுகு தனியாகத் தெரியும்.

ஒரு திருத்தம் மட்டும். பெரும்பாலோர் உச்சியிலிருந்து லோயர் ஹாக்ஸ்பில் டிரெயிலில் நேரே இறங்குவார்கள். 0.8 மைலில் மொத்த உயரத்தையும் இறக்கிவிடும், செங்குத்து. அப்பா வந்த வழியே சாலமாண்டர் பக்கம் திரும்பட்டும். தூரம் கூடும், முழங்கால் பிழைக்கும். ஹாக்ஸ்பில்லுக்கு நாள் டிக்கெட் கிடையாது, நுழைவுக் கட்டணம் போதும். ஓல்ட் ராக்குக்குக் கட்டிய 30 டாலர் 7 நாள் செல்லும் என்பதால் சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று பிரித்தால் கூடுதல் செலவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இலைக் காலத்தில் ஞாயிறு பகலில் 211 பக்கத்து தார்ன்டன் கேப் வாசலில் கார் வரிசை நீளும். ஒன்பதுக்குள் உள்ளே போய்விடுங்கள்.

ப்ளூரிட்ஜ்_மீனா

கொங்கு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. அப்பாவை ஒரு நாள் முழுக்க வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கு, ஓல்ட் ராக் அன்றைக்கே மனைவியும் அப்பாவும் ஸ்டோனி மேன் போகலாம். ஸ்கைலைன் டிரைவ் மைல்கல் 41.7, மொத்தம் 1.6 மைல், ஏற்றம் 340 அடிதான், உச்சி 4,000 அடிக்குச் சற்று மேல். அறுபது தாண்டியவர்களுக்கு இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பெரிய காட்சி இந்தப் பூங்காவில் வேறெங்கும் இல்லை. இரண்டு கார் எப்படியும் வேண்டும், ஆனால் மலைமேல் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டாம்.

சாந்தி_ஆஷ்பர்ன்

பையில் என்ன வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே.

ஓல்ட் ராக் ரிட்ஜில் தண்ணீர் கிடையாது. அக்டோபர் குளிரிலும் பெரியவர்களுக்கு 2 லிட்டர், பிள்ளைகளுக்கு ஒன்றரை. கோடையாக இருந்தால் 3 லிட்டர். பை 20 லிட்டருக்குள், உடம்போடு ஒட்டியதாக. பக்கவாட்டு வலைப்பையில் பாட்டில் செருகினால் சந்தில் உரசி விழுந்துவிடும், உள்ளே வையுங்கள். கோல் கொண்டுபோவதாக இருந்தால் மடங்கக் கூடியது. பாறை தொடங்கும் முன் மடக்கி உள்ளே போட வேண்டும்.

ஷூ: அடிப்பகுதி ரப்பர் மிருதுவாக, பள்ளங்கள் தேயாமல். தேய்ந்த ஓட்ட ஷூவில் கிரானைட் சரிவில் நிற்க முடியாது. ஜீன்ஸ் வேண்டாம். நெஞ்சு உயரத்துக்குக் காலைத் தூக்க விடாது, நனைந்தால் காயாது. புதுப் பேன்ட்டும் வேண்டாம், பாறையில் பின்பக்கம் தேயும், உத்தரவாதம்.

சாப்பாடு: நம் வீடுகளில் தயிர்சாதம் டப்பாவைத்தான் முதலில் கட்டுவோம். கையெல்லாம் பாறைத் தூசி, கழுவத் தண்ணீர் இல்லை. ஸ்பூன் வைத்தால் சரி, இல்லையென்றால் சப்பாத்திச் சுருள், புளியோதரை உருண்டை, கடலை மிட்டாய். பாறைப் பகுதிக்கு முன்னால் கொஞ்சம், உச்சியில் மிச்சம். முழு வயிறோடு சந்துக்குள் நுழைவது நல்லதில்லை. கறிவேப்பிலையைக்கூடக் காட்டில் போடாதீர்கள். கறுப்புக் கரடி உள்ள காடு. கரடியைப் பார்த்தால் 50 கஜம் விலகி நில்லுங்கள், ஓடாதீர்கள்.

கரடியைவிட உண்ணிதான் எனக்குக் கவலை. லைம் நோய் பரப்பும் மான் உண்ணியின் வளர்ந்த பருவம் அக்டோபர், நவம்பரில் சுறுசுறுப்பாக இருக்கும், குளிர் வந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, ஷூவிலும் பேன்ட்டிலும் முந்தின நாளே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக் காயவிடுங்கள் (வீட்டில் பூனை இருந்தால் காயும்வரை பக்கத்தில் விடாதீர்கள், அதற்கு விஷம்). தோலுக்கு 20-30 சதவீத டீட் உள்ள பூச்சி விரட்டி. இரவு குளிக்கும்போது அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், பெண்ணுக்குத் தலைமுடி அடியில் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே மேலே இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

சிவந்த இலைகளைப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். தொட்டால் தோல் அரிக்கும், மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவிச் செடியும் அந்த மாதத்தில் அழகாகச் சிவந்திருக்கும். மூன்றிலைக் கொத்தைத் தொடாதே என்று சொல்லி வையுங்கள்.

பாறைப்பல்லி

சாந்தி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெயில் காயும் பாறை விளிம்பில் கை வைக்கும் முன் எட்டிப் பாருங்கள். காப்பர்ஹெட், ராட்டில்ஸ்நேக் என்ற விஷப் பாம்புகள் உள்ள மலை, குளிர்காலத்துக்கு முன் பாறையில் சூடேற்றிக்கொள்ள வரும். பாறையில் நீல வண்ணக் கோடுகளும் அம்புக்குறிகளும்தான் வழி. கடைசியாகப் பார்த்த நீலத்திலிருந்து அடுத்த நீலம் கண்ணில் படவில்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். முன்னால் போனவர் போன பக்கம் போகாதீர்கள், அவர் புகைப்படம் எடுக்கப் போயிருக்கலாம்.

பூங்காவின் அவசர எண் 800-732-0911, எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள். அடிபட்டவரை அந்தச் சந்துகள் வழியாகத் தூக்கி இறக்க மீட்புக் குழுவுக்குப் பல மணி நேரம் ஆகும். அதனால் கணுக்கால் கட்டுத்துணி, அலுமினியப் போர்வை, கூடுதல் ஸ்வெட்டர் மூன்றும் பையில் இருக்கட்டும்.

ஹெர்ண்டன்_கார்த்தி

முடிவு செய்துவிட்டோம்: சனிக்கிழமை நானும் பிள்ளைகளும் ஓல்ட் ராக், மனைவியும் அப்பாவும் ஸ்டோனி மேன். ஞாயிறு எல்லோருமாக ஹாக்ஸ்பில், அப்பா சாலமாண்டர் வழியே திரும்புவார். வெள்ளி இரவு மழை பெய்தால் சனிக்கிழமை என்ன செய்வது?

பாறைப்பல்லி

பெரியவர் ஒருவரே இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் பையன் முன்னால், பெண் நடுவில், நீங்கள் பின்னால். பையன் மேலிருந்து இழுக்க வேண்டாம், பையை மட்டும் வாங்கட்டும். தூக்கிவிடுவது உங்கள் வேலை.

வெள்ளி இரவு மழை விட்டு, காற்றும் வெயிலும் இருந்தால் திறந்த பாறை பத்து மணிக்குள் காய்ந்துவிடும். நிழல் விழும் சந்துகள் காயாது. அந்த நிலையில் மூன்று பேராகப் பாறை வேண்டாம். டிக்கெட் சேடில் பக்கத்துக்கும் அதேதான், ஆகவே வீக்லி ஹாலோ ரோடு வழியாகப் போய் சேடிலில் ஏறி உச்சி பார்த்து, அதே வழியே இறங்குங்கள். 10 மைலுக்கு மேல் வரும், ஏழு மணிக்கே தொடங்க வேண்டும். சனிக்கிழமையே மழை என்றால் ஸ்பெர்ரிவில்லில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.